வேலையில் சேரும் முன் விசாரிப்பது எப்படி: சென்னையின் பெரிய நிதி நிறுவனங்களும் உள்ளே இருப்பவர்களின் கருத்தும்

பெயர் பெற்ற வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது என்றால் வீட்டில் ஒரு நிம்மதி பிறக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., மருத்துவக் காப்பீடு என்று பெற்றோர் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை ஆர அமர விசாரித்துவிட்டுச் சேர்பவர்கள் மிகக் குறைவு. விசாரிப்பவர்களும் பெரும்பாலும் "கம்பெனி எப்படி?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், "பரவாயில்லை" என்ற ஒரே பதிலும் வந்துவிடுகிறது. பல்லாயிரம் பேர் வேலை செய்யும் ஓர் இடத்தைப் பற்றி இப்படி ஒற்றைச் சொல்லில் கிடைக்கும் பதிலை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. எந்தப் பிரிவு, எந்த ஷிஃப்ட், எந்த மேலாளர் என்பதைப் பொறுத்து ஒரே நிறுவனம் ஒருவருக்கு நல்ல இடமாகவும் அடுத்தவருக்குத் தாங்க முடியாத இடமாகவும் இருக்கிறது. ஆகவே நிறுவனத்தை விசாரிப்பதைவிட, நாம் உட்காரப்போகும் நாற்காலியை விசாரிக்கப் பழக வேண்டும். அதற்கான வழிமுறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில், நாம் சேரப்போவது எந்த வகை நிறுவனம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நிதித் துறை என்று பொதுவாகச் சொன்னாலும் சென்னையில் அது மூன்று தனித்தனி உலகங்களாக இருக்கிறது. 1907இல் தொடங்கப்பட்ட இந்தியன் வங்கி, 1937இல் தொடங்கப்பட்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஆகிய இரண்டின் தலைமையகங்களும் இங்கேதான் உள்ளன. தேர்வு எழுதிச் சேரும் அந்த வேலைகளில் ஊதியம் தொழிற்சங்கங்களுடனான ஒப்பந்தத்தால் முடிவாகிறது என்பதால் சம்பளத்தைவிட இடமாற்றமே ஊழியர்களின் பேச்சில் அதிகம் அடிபடுகிறது. சுந்தரம் ஃபைனான்ஸ், சோழமண்டலம், ஸ்ரீராம் போன்ற இவ்வூரிலேயே வளர்ந்த நிறுவனங்கள் வாகனக் கடனில் பெயர் பெற்றவை. அவற்றின் வேலையில் பெரும்பகுதி கிளைகளிலும் களத்திலும் நடக்கிறது. மூன்றாவது வகை, வெளிநாட்டு வங்கிகளும் முதலீட்டு நிறுவனங்களும் தங்கள் உலகளாவிய பணிகளுக்காக நடத்தும் மையங்கள். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் 2001இலேயே இங்கே அத்தகைய மையத்தைத் தொடங்கிவிட்டது. சிட்டி, பார்க்லேஸ், பி.என்.ஒய்., ஃபிடிலிட்டி என்று பலர் வந்தனர். தரமணி, பெருங்குடி, கிண்டி, போரூர் பக்கம் காலையிலும் நள்ளிரவிலும் ஒரே மாதிரி விளக்கு எரியும் கட்டடங்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

இந்த மூன்றில் ஒன்றைப் பற்றிக் கேட்ட குறையை மற்றொன்றுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. களத்தில் விற்பனை செய்பவரின் குறை டார்கெட். வசூல் பிரிவில் இருப்பவரின் குறை மாதக் கடைசி. மையத்தில் ஆபரேஷன்ஸ் பார்ப்பவரின் குறை ஷிஃப்டும், ஆண்டு மதிப்பீட்டில் தரப்படும் ரேட்டிங்கும். ஒரே முத்திரை பொறித்த அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தாலும் இவர்கள் மூவரின் ஒரு நாள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

எழுதப்பட்ட கருத்துகளை வாசிக்கும் முறை

வேலைவாய்ப்புத் தளங்களில் ஊழியர்கள் எழுதும் மதிப்புரைகளைத்தான் பலரும் முதலில் பார்க்கிறார்கள். மேலே தெரியும் நட்சத்திர எண்ணிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் பதவியின் பெயரையும் சென்னை என்ற இடத்தையும் தேர்ந்தெடுத்து, கடந்த ஓராண்டில் எழுதப்பட்டவற்றை மட்டும் வாசியுங்கள். தேதிகளைக் கவனியுங்கள். ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வந்த, ஏறக்குறைய ஒரே சொற்களில் நிறுவனத்தைப் புகழும் குறிப்புகள், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் கேட்டு வாங்கப்பட்டவையாக இருக்கலாம். அதுபோலவே அப்ரைசல் என்னும் ஆண்டு மதிப்பீட்டின் முடிவு வெளியாகும் மாதங்களில் எழுதப்படும் கோபமான குறிப்புகளில் அந்த ஆண்டின் ஏமாற்றம் கலந்திருக்கும். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, நடந்தது என்ன என்பதை விவரமாகச் சொல்லும் குறிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். "நிர்வாகம் மோசம்" என்று எழுதியவரைவிட "இரண்டு ஆண்டுகளில் நான்கு மேலாளர்கள் மாறினார்கள்" என்று எழுதியவரே நமக்குப் பயன்படுகிறார். வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆட்கள் ஒரே குறையைச் சொல்லியிருந்தால் அது தனிமனிதக் கசப்பு இல்லை. அங்கே வழக்கமாகிவிட்ட ஒன்று.

நிறுவனமே வெளியிட்டாக வேண்டிய எண்கள்

பெரும்பாலோர் எட்டிக்கூடப் பார்க்காத ஓர் ஆவணத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுள் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ளவை, 2022-23 நிதியாண்டு முதல், பொறுப்புடைமை மற்றும் நிலைத்தன்மை அறிக்கை ஒன்றை ஆண்டறிக்கையுடன் வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. பி.ஆர்.எஸ்.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த அறிக்கையை நிறுவனத்தின் இணையதளத்தில் முதலீட்டாளர்களுக்கான பகுதியிலிருந்து யாரும் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

அதில் நிரந்தர ஊழியர்களில் எத்தனை சதவீதம் பேர் விலகினார்கள் என்பது, ஆண்கள், பெண்கள் எனத் தனித்தனியாக, மூன்று ஆண்டுகளுக்குத் தரப்பட்டிருக்கும். மூன்று ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் கூடிக்கொண்டே போகிறதா, குறைகிறதா என்பதே முக்கியம். தனியார் வங்கிகள் சிலவற்றிலும் சிறு நிதி வங்கிகளிலும் விலகல் விகிதம் சராசரியாக 25 சதவீதத்தை ஒட்டியிருப்பதாக ரிசர்வ் வங்கியே வங்கித் துறையின் போக்கைப் பற்றி 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் கவலை தெரிவித்திருந்தது. அந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டால் நீங்கள் பார்க்கும் எண் துறையின் வழக்கமா, அதைத் தாண்டியதா என்று மதிப்பிட முடியும். பெண்களின் விலகல் விகிதம் ஆண்களுடையதைவிடக் கணிசமாக அதிகம் என்றால், மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியவர்களில் எத்தனை பேர் பிறகும் நீடித்தார்கள் என்ற வரியையும் தேடிப் படியுங்கள். அதுவும் அதே அறிக்கையில் உண்டு. வேலைச் சூழல் பற்றி ஊழியர்கள் அளித்த புகார்கள், பாலியல் துன்புறுத்தல் புகார்கள், ஆண்டு முடிவில் தீர்க்கப்படாமல் நிற்பவை ஆகியவையும் இருக்கும். பல்லாயிரம் பேர் உள்ள நிறுவனத்தில் புகார் ஒன்றுகூட இல்லை என்று போட்டிருந்தால் அதை நல்ல செய்தியாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். புகார் செய்யத் தயங்கும் இடமாகவும் அது இருக்கலாம். நேரில் விசாரிக்கும்போது கேட்க வேண்டியவற்றுள் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இயக்குநர் குழு அறிக்கையின் இணைப்பில், ஊழியர்களின் இடைநிலை ஊதியம் (எல்லோர் ஊதியத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) அந்த ஆண்டில் எத்தனை சதவீதம் உயர்ந்தது என்பதும், நிர்வாக இயக்குநரின் ஊதியம் அதைப்போல் எத்தனை மடங்கு என்பதும் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி தரப்பட்டிருக்கும். நேர்காணலில் "எங்கள் இன்க்ரிமென்ட் நன்றாக இருக்கும்" என்று சொல்வதைச் சரிபார்க்க இதைவிட நேரான வழி இல்லை.

இந்த எண்களுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. விலகல் விகிதம் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டுமே. முகமை ஒன்றின் பேரோலில் இருந்துகொண்டு அதே கட்டடத்தில், அதே மேசையில் வேலை செய்யும் ஆஃப்-ரோல் ஊழியர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. விற்பனையிலும் வசூலிலும் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். உங்களுக்கு வந்த ஆஃபர் கடிதத்தின் தலைப்பில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்பதை முதல் வேலையாகப் பாருங்கள். இரண்டாவதாக, வெளிநாட்டு வங்கிகளின் மையங்கள் இந்தியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை அல்ல. அவற்றுக்கு இந்த அறிக்கை கிடைக்காது. அங்கே மனிதர்களிடம்தான் கேட்டாக வேண்டும்.

யாரிடம், எப்படிக் கேட்பது

குறைந்தது மூன்று பேரிடம் பேசுங்கள்: சேர்ந்து ஓராண்டு முடியாத ஒருவர், நான்கைந்து ஆண்டுகள் இருப்பவர், தானாக விலகிப்போன ஒருவர். புதியவருக்குப் பயிற்சியும் சேர்ந்த முதல் மாதங்களின் நடப்பும் நன்றாக நினைவிருக்கும். பழையவருக்குப் பதவி உயர்வு எப்படி நடக்கிறது என்பது தெரியும். விலகியவருக்கு மறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அவருக்கு வருத்தம் ஏதும் இருந்தால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். உங்கள் விண்ணப்பத்தைப் பரிந்துரைக்க முன்வரும் நண்பரின் கருத்தைத் தனியாக வையுங்கள். நீங்கள் சேர்ந்து சில மாதங்கள் நீடித்தால் அவருக்கு ரெஃபரல் போனஸ் கிடைக்கும் நிறுவனங்கள் பல. அவர் பொய் சொல்வார் என்று நான் சொல்லவில்லை, குறைகளை அழுத்திச் சொல்ல மாட்டார் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

மாதக் கடைசி வாரத்திலும் காலாண்டு முடிவிலும் கேட்காதீர்கள். நிதித் துறையில் அந்த நாட்களில் யாருக்கும் பேச நேரம் இருக்காது, பேசினாலும் அன்றைய களைப்பே பதிலாக வரும். அலுவலக மின்னஞ்சலிலும் அலுவலக அரட்டைச் செயலியிலும் கேட்கவே கூடாது. நிதி நிறுவனங்களில் அவை கண்காணிக்கப்படுவது வழக்கம் என்பதால், உங்களுக்கு உதவ வந்தவருக்கு நீங்களே சிக்கலை உண்டாக்கியதாகிவிடும். வாடிக்கையாளர் விவரம், வெளியிடப்படாத கணக்கு போன்றவற்றின் பக்கமே பேச்சைக் கொண்டுபோக வேண்டாம். யார் சொன்னார் என்பதும் நேர்காணலில் உங்கள் வாயிலிருந்து வெளிவரக் கூடாது.

கேட்கும் முறைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கருத்தைக் கேட்டால் மரியாதையான பதில் வரும். நடந்ததைக் கேட்டால் உண்மை வரும். தாம்பரத்தைச் சேர்ந்த ஒரு பெண், தரமணி மையம் ஒன்றில் வேலை செய்யும் தன் கல்லூரி சீனியரிடம் பேசியதை அருகில் இருந்து கேட்டேன்.

"வேலை எப்படிக்கா போகுது?"

"நல்லா போகுதும்மா. டீம் எல்லாம் நல்ல டீம்தான்."

"போன வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு லாக்-அவுட் பண்ணீங்க?"

சீனியர் சற்று யோசித்தார். "யு.கே. ஷிஃப்ட்ல பத்தரைக்கு முடியணும். வெள்ளிக்கிழமை பதினொன்றரை ஆயிடுச்சு. மாசக் கடைசி வேற. கேப்ல நாலு பேரு, எனக்குக் கடைசி டிராப். வீட்டுக்குள்ள நுழையும்போது ஒண்ணு அடிச்சிடுச்சு."

"அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசு தருவாங்களா அக்கா?"

"அதுக்குப் பதிலா காம்ப்-ஆஃப்னு லீவு எடுத்துக்கலாம்னு சொல்வாங்க. நான் எடுத்து நாலு மாசம் ஆச்சு."

முதல் கேள்விக்கு வந்த பதிலும் பொய்யில்லை. அந்தக் குழுவை அவர் உண்மையிலேயே விரும்புகிறார். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்ட செய்தி அதற்கடுத்த கேள்விகளில்தான் கிடைத்தது. இதே பாணியில் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. கடைசியாக எப்போது விடுப்புக் கேட்டீர்கள், எத்தனை நாள் கேட்டீர்கள், எத்தனை நாள் கிடைத்தது? உங்கள் குழுவில் கடந்த ஓராண்டில் யார் யார் போனார்கள், எங்கே போனார்கள்? சென்ற அப்ரைசலில் உங்கள் ரேட்டிங்கை யார் சொன்னார், காரணம் சொன்னாரா, இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த ரேட்டிங் என்று பிரிக்கும் பெல் கர்வ் காரணமாகக் குறைத்தோம் என்றாரா? தவறு ஒன்று நேர்ந்தபோது மேலாளர் என்ன செய்தார்? பணப் பரிவர்த்தனையைக் கையாளும் இடத்தில் ஒரு பூஜ்யம் கூடிப்போவதும் நடக்கக்கூடியதே. அப்போது முதலில் பிழையைச் சரிசெய்தார்களா, ஆளைத் தேடினார்களா என்பதைக் கேட்டால், அங்கே வேலை செய்பவர்கள் இரவில் நிம்மதியாகத் தூங்குகிறார்களா என்பது தெரிந்துவிடும்.

கிளை வேலையாக இருந்தால் டார்கெட்டை எண்ணாகக் கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை கணக்கு, எத்தனை காப்பீட்டு பாலிசி, குழுவில் எத்தனை பேர் அதைத் தொட்டார்கள்? வாடிக்கையாளருக்குத் தேவையில்லாத பாலிசியை அவர் தலையில் கட்டச் சொல்லி நெருக்கினார்களா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். மனசாட்சியுள்ள பலர் இந்த வேலையை விட்டுப் போவதற்கு அது ஒரு காரணம். வசூல் பிரிவு என்றால், தவணை தவறியவரைக் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வலியுறுத்தியிருப்பதைச் சொல்லி, அது நடைமுறையில் மதிக்கப்படுகிறதா என்று விசாரியுங்கள். விதியை மீறச் சொல்லும் மேலாளர், விவகாரம் என்று வரும்போது உங்கள் பக்கம் நிற்க மாட்டார்.

இரவு ஷிஃப்டில் சேரும் பெண்கள் போக்குவரத்தைப் பற்றித் தனியாக விசாரிக்க வேண்டும். வண்டி உண்டு என்பது மட்டும் போதாது. வாசல் வரை வருமா, முதலில் ஏறி கடைசியில் இறங்கும் பெண்ணுடன் பாதுகாவலர் வருவாரா, வண்டி வராத நாளில் யாரை அழைப்பது என்பவற்றை அதே வழித்தடத்தில் பயணம் செய்பவரிடம் கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த அலுவலகத்திலும், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார் என்று உங்களிடம் பேசும் ஊழியருக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். பகல் வேலைக்குப் போகிறவர்களும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் போரூர் பக்கமும் மெட்ரோ பணிகளுக்கிடையே காலை 9 மணிக்கு ஒருமுறை சென்று வருவது நல்லது.

சம்பளத்தைப் பற்றிய கருத்தும் சம்பளச் சீட்டும்

"சொன்ன சம்பளம் வேறு, வந்த சம்பளம் வேறு" என்பது இந்தத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அடிக்கடி கேட்கும் மனக்குறை. பெரும்பாலும் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். ஆஃபர் கடிதத்தை யாரும் வாசித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான். ஆண்டுக்கு 6,00,000 ரூபாய் சி.டி.சி., அதாவது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு, என்று வைத்துக்கொள்வோம். அதில் 60,000 வேரியபிள் பே என்றால் அது ஆண்டு முடிவில், ரேட்டிங்கைப் பொறுத்து வருவது. அடிப்படைச் சம்பளம் 3,00,000 எனக் கொண்டு, பணிக்கொடைக்காக (கிராஜுவிட்டி) 4.81 சதவீதம், அதாவது 14,430 ஒதுக்கப்படும். நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கு, அதைக் கணக்கிடும் 15,000 ரூபாய் ஊதிய வரம்பின்படி மாதம் 1,800 என்றால் ஆண்டுக்கு 21,600. இவை போக மிஞ்சுவது 5,03,970. மாதத்துக்குச் சுமார் 42,000. அதில் உங்கள் பி.எஃப். பங்கு 1,800, மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு 1,250 ரூபாய் தொழில்வரி ஆகியவற்றைக் கழித்தால் கைக்கு வருவது சுமார் 40,000 ரூபாய்தான். ஆறு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 50,000 என்று மனக்கணக்குப் போட்டு வாடகைக்கு வீடு பார்த்தவருக்கு முதல் மாதமே ஏமாற்றமாகிவிடும். ஆகவே உள்ளே இருப்பவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்க வேண்டாம். அது அவருக்கும் சங்கடம். வேரியபிள் பே சென்ற ஆண்டு முழுதாக வந்ததா, எந்த மாதம் வந்தது என்று மட்டும் கேளுங்கள்.

வெளியேறும் வழியைச் சேரும் முன்பே பார்த்துவைப்பது அபசகுனம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நோட்டீஸ் பீரியட் 90 நாளா, பணம் கட்டி அதைக் குறைத்துக்கொள்ள முடியுமா, பயிற்சிக்காக ஒப்பந்தப் பத்திரம் ஏதும் எழுதி வாங்குகிறார்களா என்பவற்றைக் கடிதத்தில் தேடுங்கள். விலகியவரிடம், ரிலீவிங் லெட்டரும் இறுதிக் கணக்கும் எப்போது கைக்கு வந்தன என்று கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலைநாட்களுக்குள் தந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு விலகியவர் யாராவது இரண்டு மாதம் அலைந்தேன் என்று சொன்னால், நிறுவனம் தன் ஆட்களை எப்படி நடத்துகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இவ்வளவும் விசாரித்த பிறகு கருத்துகள் ஒன்றுக்கொன்று முரண்படத்தான் செய்யும். அப்போது பெரும்பான்மையைப் பார்க்காமல், உங்கள் பிரிவுக்கும் உங்கள் ஷிஃப்டுக்கும் மிக அருகில் இருப்பவரின் சொல்லுக்கு அதிக எடை கொடுங்கள். ஆஃபர் வந்தபின், கையெழுத்திடும் முன், உங்கள் மேலாளராக வரப்போகிறவருடன் கால் மணி நேரம் பேச வேண்டும் என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள், அது உங்கள் உரிமையைப் போலவே கேட்கத்தக்கது, அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அவரிடம் இரண்டு கேள்விகள் போதும்: இந்த இடம் ஏன் காலியானது, முதல் ஆறு மாதங்களில் என்னிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள்? முன்பு இருந்தவர் பதவி உயர்ந்து அடுத்த குழுவுக்குப் போனார் என்று தயக்கமின்றிச் சொல்லும் மேலாளரிடம் துணிந்து சேரலாம். பேசவே நேரம் ஒதுக்க முடியாது என்று இரண்டு முறை பதில் வந்தால், வேறு ஆஃபர் கையில் இருந்தால் கையெழுத்தைத் தள்ளிவையுங்கள்.